ரசீதுக்குக் காத்திருந்த திஜானி

உங்கள் நாட்டில் தணிக்கை இருக்கிறதா? இல்லை என்று சொல்ல அவசரப்படாதீர்கள். எங்கள் நாட்டிலும் இல்லை. துனிசியாவில் பத்திரிகை சுதந்திரமானது என்று அமைச்சர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். வானொலி அதை அப்படியே திருப்பிச் சொல்கிறது, தொலைக்காட்சி படத்தோடு காட்டுகிறது. எங்களிடம் இருப்பது ஒரு ரசீது மட்டும்தான்.

அச்சு இயந்திரத்திலிருந்து வரும் முதல் பத்துப் பிரதிகளை அச்சகத்தார் அமைச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு அங்கே ஒரு ரசீது தருவார்கள். அது கைக்கு வந்த பிறகுதான் வண்டிகள் கிளம்பலாம். இதில் என்ன அநியாயம் என்று கேட்பீர்கள். நூலகத்தில் சேர்த்து வைக்கத்தானே பிரதிகள், கொடுத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ரசீதுதான் வராது. அதை யாரும் மறுப்பதில்லை. "முத்திரை வைக்கிறவர் மாடிக்குப் போயிருக்கிறார்" என்பார்கள். "நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். நாளையும் மறுநாளும் போகும். வார இதழ் ஒன்று நான்கு நாள் கட்டிலேயே கிடந்தால் அதற்குப் பிறகு அது மீன் பொதியத்தான் உதவும். யாரும் எதையும் தடை செய்யவில்லை. தடை ஆணை என்று ஒரு துண்டுக் காகிதம்கூடப் பிறக்கவில்லை. இப்படி ஒரு கொலையைச் செய்துவிட்டுக் கையைக்கூடக் கழுவ வேண்டியிராத ஏற்பாட்டை வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

அந்த ரசீதுக்காகப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்த மனிதர் திஜானி பின் அலி ஸ்காயிமி. எங்கள் 'கந்தரா' வார இதழை அச்சடித்த அச்சகத்தின் ஆள். அதே இதழில் நான் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

திஜானி தெற்கே ஐன் ஸமாம் என்ற பாஸ்பேட் சுரங்க ஊரில் பிறந்தவர். அந்த ஊரில் எல்லாரும் வெள்ளையாகத்தான் இருப்பார்கள் என்று சிரிப்பார். தோலின் நிறமல்ல, மேலே படியும் தூள். அவருக்குப் பதின்மூன்று வயதில் நாடு விடுதலை பெற்றது. சுரங்கத்தார் காப்பிக்கடையில் இருந்த ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊரே கூடியதாம். அதுவரை அந்தப் பெட்டி பேசியது பிரெஞ்சுக்காரன் சங்கதி. அன்றைக்கு முதல்முறையாக அது எங்கள் பாஷையில் "மக்களே" என்றது. அவருடைய தந்தை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம். "பெட்டி நம்மளைக் கூப்பிட்டுச்சு தங்கச்சி. கூப்பிட்டா நாம பதில் சொல்லலாம்னு நெனச்சோம். பெட்டிக்குக் காது கிடையாதுன்னு பத்து வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது" என்பார் என்னிடம்.

மூன்று ஆண்டுகள் சுரங்கத்துக்குள் இறங்கினார். நெஞ்சு கட்டிக்கொண்டது. துனிஸ் நகரத்துக்கு வந்து பாப் ஸூய்க்கா பக்கம் ஒரு அச்சகத்தில் காகித உருளை தூக்கினார். எழுத்துக் கோப்பவர்களிடமே எழுத்துக் கற்றுக்கொண்டார். பிறகு தொலைக்காட்சி வந்தது. காப்பிக்கடைகளில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. செய்திக்கு முன்னால் தலைவரின் அறிவுரை, செய்தியில் தலைவரின் பயணம், கடைசியில் வானிலை. "வானிலையிலதான் கொஞ்சம் நெசம் இருக்கும்" என்பார் திஜானி. "அதுலயும் தெற்கே மழை இல்லைன்னு சொல்ல மாட்டான். வானம் தெளிவா இருக்குன்னுதான் சொல்லுவான்."

அச்சகத்தின் பழைய ஆள் ஓய்வு பெற்றதும் பத்துப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை இவரிடம் வந்தது. பொறுமைசாலி, யாரோடும் சண்டைக்குப் போகாதவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பதுக்கு அமைச்சகத்தின் பக்கவாட்டுக் கட்டடத்துக்குப் போவார். அங்கே இரண்டாவது மாடியில் சி ஷத்லி என்ற அதிகாரி. நாங்கள் மதிப்புக்குரியவர் பெயருக்கு முன்னால் 'சி' சேர்ப்போம். மதிப்பு இல்லாதவர் பதவியில் இருந்தால் கட்டாயம் சேர்ப்போம்.

ஷத்லி கத்துகிறவர் அல்ல. நகம் வெட்டிய கை, மணிமணியான கையெழுத்து, மெல்லிய குரல். பதினோரு ஆண்டுகளில் அவருடைய வழியை திஜானி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். உட்காரச் சொல்லாமல் பத்து நிமிடம் நிற்க வைத்தால் ரசீது வந்துவிடும். உட்காரச் சொன்னால் ஒரு மணி நேரம், மேலே யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பி வரவழைத்தால் அந்த வார இதழின் கதை முடிந்தது. "இன்னிக்கு எனக்குக் காப்பி குடுத்துட்டாங்க" என்று அவர் அச்சகத்தில் வந்து சொன்னால் வண்டி ஓட்டும் பூஜ்மா எந்திரத்தை அணைத்துவிட்டுச் சீட்டாடப் போய்விடுவான்.

இதில் மிக மோசமான சேதி வேறு. மூன்று வாரம் காப்பி கொடுத்தால் நான்காவது வாரம் ஆசிரியரே எதை நீக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடுவார். எங்கள் ஆசிரியர் சி ரவூஃப் நல்ல மனிதர், படித்தவர், சிறை பார்த்தவர். அவரே என் மேசைக்கு வந்து, "இந்தப் பத்தி கொஞ்சம் நீளமா இருக்கு இல்ல?" என்பார். நீளமாக இருக்காது. நானும் வெட்டுவேன். என் சிவப்புப் பேனாவும் ஷத்லியின் முத்திரையும் ஒரே வேலையைத்தான் பார்த்தன. எனக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரொட்டி விலையை ஒரே நாளில் இரட்டிப்பாக்கிய குளிர்காலம் அது. தெற்கில் தொடங்கி நாடே தெருவில் இறங்கியது. விலையைத் திரும்ப இறக்கினார்கள். வானொலி பாட்டுப் போட்டது. "அமைதி திரும்பியது" என்று நான்கு முறை ஒரு மணிச் செய்தியில் சொன்னார்கள். அமைதியோடு திரும்பாதவர்கள் சிலர் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் திஜானியின் அக்கா மபரூக்கா ஐன் ஸமாமிலிருந்து வந்தார். கணவரைச் சுரங்கத்தில் இழந்தவர். வாசலில் மூட்டையை இறக்கும்போதே கேட்டார்.

"தம்பி, நீ பேப்பர்க்காரங்ககூடத்தான இருக்க? என் அமாரா எங்கேன்னு உனக்குத் தெரியாதா?"

அமாரா அவருடைய ஒரே மகன், இருபத்திரண்டு வயது. சுரங்கத்துத் தொழிற்சங்கத்தில் சுவரொட்டி ஒட்டியவன். ஜனவரியில் ரொட்டிக்கடை வரிசையில் நின்றவனைச் சாம்பல் நிற வண்டியில் ஏற்றினார்கள். மூன்று மாதமாயிற்று. காவல் நிலையத்தில் அவன் இல்லை. பக்கத்து நகரமான காஃப்ஸாவின் சிறையில் இல்லை. மருத்துவமனையில் இல்லை. அந்த ஊரிலிருந்து மட்டும் அப்படிப் பதினான்கு பேர்.

மபரூக்கா மூன்று புனிதர்களின் சமாதியில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். ஒரு சேவலும் நேர்ந்திருந்தார். சமாதியில் கிடப்பவருக்கு அவருடைய சொந்த எலும்பையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது என்று என் வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பாவம், அவர் ஏறி இறங்காத வாசல் எது? உயிரோடு இருந்த அதிகாரிகள் ஒருவரும் பதில் சொல்லாதபோது செத்தவர்களிடம் போனதில் என்ன தப்பு கண்டேன் நான்?

ஆனால் திஜானிக்கு ஒரு கணக்கு தெரியும். எந்த நம்பிக்கையையும் சாராத கணக்கு. பதினோரு ஆண்டு கட்டிச் சுமந்த இதழ்களில் அவர் பார்த்தது. பிடித்துக்கொண்டு போன ஒருவரின் பெயர், தந்தை பெயர், பிடித்த தேதி மூன்றும் அச்சில் வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த ஆள் ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் தென்படுவார். கை உடைந்திருக்கலாம், பல் போயிருக்கலாம், ஆனால் தென்படுவார். அச்சில் வராதவர்கள் தென்பட்டதில்லை.

"காரணம் பெருசா ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றார் என்னிடம். "தெரியாத ஆளைத் தொலைக்கிறது சுலபம். தெரிஞ்ச ஆளைத் தொலைச்சா யாராவது பதில் எழுதணும். எழுதுறதுன்னா அவனுங்களுக்குச் சோம்பல்."

ஆசிரியர் அறையில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நானும் இருந்தேன்.

"சி திஜானி, உங்க அக்கா மகன்னா என் மகன் மாதிரி. ஆனா இந்த மாசம் ரெண்டு தடவை உங்களுக்குக் காப்பி குடுத்துட்டாங்க" என்றார் ரவூஃப்.

"குடிச்சது நான்தானே, நீங்களா?"

"பதினாலு பேரு போட்டா ரசீது வருமா?"

"தலைப்பு போடாதீங்க. கோபமா ஒரு வார்த்தை வேண்டாம். அஞ்சாம் பக்கத்துல, மழை அளவு போடுற எடத்துக்குக் கீழ, பேரை மட்டும் போடுங்க. அப்பன் பேரு, புடிச்ச தேதி. வாசிக்கிறவனுக்குப் புரியும். மாடியில இருக்கிறவன் அஞ்சாம் பக்கம் வரைக்கும் வர்றதுக்குள்ள தூங்கிடுவான்."

"தூங்கலைன்னா?"

"தூங்கலைன்னா காப்பி குடிச்சுட்டு வர்றேன். அமாரா அதுக்குள்ள செத்திருக்க மாட்டான்னு நீங்க எங்க அக்காகிட்ட சொல்லிடுங்க."

ரவூஃப் ஐந்தாம் பக்கத்து மெய்ப்புத் தாளை இழுத்து, மழை அளவுக்குக் கீழே பேனாவால் ஒரு கட்டம் போட்டார். பிறகு, "எழுத்து சின்னதா இருக்கட்டும்" என்றார்.

ஐந்நூற்றுப் பதினெட்டாவது இதழ். பதினான்கு பெயர்களையும் நான்தான் மெய்ப்பு பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு எழுத்துப் பிழைக்கு அவ்வளவு பயந்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு திஜானி இரண்டாவது மாடி ஏறினார். நடந்ததை ஒன்றுவிடாமல் அன்றைக்கே என்னிடம் சொன்னார். நடைக்கூடத்தில் எப்போதும் காத்திருக்கும் மற்ற இதழ்களின் ஆட்கள் ஒருவரும் இல்லை. கதவு பாதி திறந்திருந்தது. ஷத்லி எழுந்து நின்றார். பதினோரு ஆண்டுகளில் அவர் எழுந்தது அதுவே முதல் தடவை.

"வாங்க வாங்க சி திஜானி. உடம்பு எப்படி? நெஞ்சு வலி பரவாயில்லையா?"

நெஞ்சு வலியைப் பற்றித் தான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை என்று திஜானிக்கு நினைவு வந்தது.

"இறைவன் அருளால நல்லாருக்கேன்."

"அக்கா மபரூக்கா? துனிஸ் தண்ணி ஒத்துக்குதா அவங்களுக்கு? தெற்கத்திக்காரங்களுக்கு இந்த ஊர்த் தண்ணி கொஞ்சம் சிரமம்."

திஜானி பதில் சொல்வதற்குள் ஷத்லி உட்கார்ந்து, கட்டைப் பிரிக்காமலே, ரசீதுப் புத்தகத்தை இழுத்து எழுதினார். முத்திரை அவர் மேசையிலேயே இருந்தது. குத்தினார். கொண்டு வந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கிழித்து நீட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கிளம்புங்க, கிளம்புங்க. வண்டி காத்திருக்கும்ல?"

எங்கள் மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கையால் தரும் தாளை அவர் முன்னாலேயே விரித்து வாசிப்பது, "நீ ஏமாற்றுக்காரன்" என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். கடைக்காரர் தந்த சில்லறையைக்கூடத் தெருவுக்கு வந்துதான் எண்ணுவோம். வாங்கியதை மடிக்க வேண்டும். மடித்து, "உங்களப் பெத்தவங்களுக்கு இறைவன் இரங்கட்டும்" என்று நன்றி சொல்ல வேண்டும். திஜானி மடித்தார். தன் சிவப்புத் தொப்பிக்குள் செருகினார். ஷத்லியின் தாய் தந்தையருக்கு இறைவனின் இரக்கத்தை வேண்டிவிட்டுப் படி இறங்கினார். இந்த மரியாதையின் மடியில் எத்தனை மோசடிகள் நிம்மதியாகப் படுத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அரசிடம் கேள்வி கேட்காத மக்களை யாரும் தனியாக உருவாக்குவதில்லை. எதிரில் நிற்பவர் முகம் கோணக் கூடாது என்று வளர்த்தாலே போதும்.

ஒன்பதரைக்கு அச்சகத்துக்குள் நுழைந்தார். பூஜ்மா வண்டியின் மேல் உட்கார்ந்து கொண்டைக்கடலைச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே, காப்பி இல்லையா? ஓடி வந்துட்டீங்க?"

"இல்லடா. ரசீது குடுத்துட்டான்."

"அடேயப்பா! அஞ்சாம் பக்கம் வரைக்கும் வரலையா அவன்?"

"ஒண்ணாம் பக்கமே பாக்கலை. கட்டை அவுக்கவே இல்லை."

பூஜ்மா சிரித்தான். திஜானி சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி ரசீதை எடுத்து என்னிடம் தந்தார். கோப்பில் வைப்பது என் வேலை. மெய்ப்பு பார்ப்பவளுக்குக் கண் சும்மா இருக்காது. இதழின் பெயர், சரி. தேதி, சரி. முத்திரை, சரி. இதழ் எண்: ஐந்நூற்றுப் பதினேழு.

அது போன வாரத்து எண்.

"திஜானி அண்ணே, இங்க பாருங்க."

பார்த்தார். நிதானமாக, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார்.

"பதினெட்டு இல்லையா?"

"பதினேழு."

"தப்பா எழுதிட்டாரோ?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்திருந்தது. பதினோரு ஆண்டுகளின் ரசீதுகள் என் கோப்பில் இருந்தன. அவற்றில் ஒரு எண்கூட அடித்துத் திருத்தப்பட்டதில்லை.

பூஜ்மாவின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. "அப்படின்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் இதுதான். ஐந்நூற்றுப் பதினெட்டுக்கு ரசீது இல்லை. வண்டி கிளம்பினால் அது ரசீது இல்லாமல் விநியோகித்த இதழ். குற்றம். பதினான்கு பெயர்களுக்காக ஒரு இதழை நிறுத்தினால் வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். சட்டத்தை மீறியது என்று மூடினால் யார் கேட்பது? அவர்களுக்கு இந்த வாரத்து இதழ் மட்டும் வேண்டியிருக்கவில்லை. எல்லா வாரமும் வேண்டியிருந்தது.

"திரும்பிப் போய் மாத்திக்கிட்டு வாங்களேன்" என்றேன்.

"போகலாம். 'அடடா, கை தவறிடுச்சு, குடுங்க'ன்னு வாங்குவான். வாங்கி மேசைக்குள்ள போடுவான். அப்புறம் உக்காரச் சொல்லுவான். காப்பி வரும்." அவர் குரலில் கோபம் இல்லை. மணியைப் பார்த்தார். "தெற்கே போற பங்கு டாக்சி பத்தேகாலுக்குக் கிளம்புது. காஃப்ஸா கட்டு அதுல போகணும்."

"சி ரவூஃப்கிட்ட ஒரு வார்த்தை…"

"வேண்டாம். அவர்கிட்ட சொன்னா அவரும் தெரிஞ்சு செஞ்சவர் ஆயிடுவார். ரசீதுல யார் கையெழுத்து இருக்கு? என்னோடது. படிக்காம வாங்கிட்டு வந்த முட்டாள் யாரு? நான். முட்டாளுக்கு என்ன தண்டனை குடுப்பான்? ரெண்டு மாசமா, மூணு மாசமா?" என் கையிலிருந்து ரசீதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நீ இதைப் பாக்கலை தங்கச்சி. பூஜ்மா, நீ எதையும் கேக்கலை."

"அண்ணே, எனக்கு மூணு புள்ளைங்க" என்றான் பூஜ்மா.

"அதனாலதான் சொல்றேன், நீ கேக்கலைன்னு. ரசீது இருக்கான்னு கேட்ட. இருக்குன்னு நான் காட்டினேன். உனக்குப் படிக்கத் தெரியாது."

"எனக்குப் படிக்கத் தெரியுமே!"

"இன்னிக்குத் தெரியாதுடா, கழுதை. கட்டை ஏத்து."

பூஜ்மா சூப்புக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான். கட்டுகளை ஏற்றினான். நான் தடுக்கவில்லை. பதினான்கு பெயர்களை மூன்று முறை மெய்ப்பு பார்த்த எனக்கு அவற்றைக் குடோனில் அழுக விட மனமில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளின் மேல் இருந்த கையெழுத்து என்னுடையதாக இருந்திருந்தால் வண்டி கிளம்பியிருக்காது.

வண்டிகள் போனதும் திஜானி எந்திரத்தின் பக்கத்தில் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றேன். "வீட்டுல அக்கா இருக்கா. அங்க வந்து புடிக்கிறதை அவ பாக்கணுமா?" என்றார். மதியம் ஒரு மணிச் செய்திக்கு யாரோ வானொலியைத் திருப்பினார்கள். அமைச்சர் ஒரு பழச்சாறு ஆலையைத் திறந்துவைத்தார். ஆரஞ்சு விளைச்சல் அமோகம்.

மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். தோல் மேலங்கி, சீவிய தலை. சத்தம் போடவில்லை. ஒருவர் ஐந்நூற்றுப் பதினெட்டாவது இதழ் ஒன்றைக் கையில் சுருட்டி வைத்திருந்தார், ஈ அடிக்க வைத்திருப்பதுபோல.

"இதுக்கு ரசீது இருக்கா?"

திஜானி எழுந்து தொப்பிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் வாங்கினார். எங்கள் முன்னாலேயே விரித்து வாசித்தார். அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது போலும்.

"இதுல ஐநூத்திப் பதினேழுன்னு இருக்கே."

"அப்படியா ஐயா? நான் படிக்கலையே" என்றார் திஜானி.

"பரவாயில்ல. வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டு அனுப்பிடறோம்."

அவர் செருப்பைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. மற்றொன்று கட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும், அஞ்சு நிமிஷம்தானே" என்றார் மற்றவர். ஒரு காலில் செருப்போடு அவர் சாம்பல் நிற வண்டியில் ஏறினார்.

துனிஸில் கடைகளில் இருந்த பிரதிகளை மாலைக்குள் வாரிக்கொண்டு போனார்கள். 'கந்தரா' ஆறு மாதம் மூடப்பட்டது. காரணம்: ஒப்படைப்பு ரசீது இல்லாமல் விநியோகம். வானொலியில் அது பதினைந்து விநாடிச் செய்தி. "சட்டத்துக்கு மேல் யாருமில்லை" என்று அறிவிப்பாளர் சொன்னார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு.

ஆனால் பங்கு டாக்சியில் போன கட்டு காஃப்ஸா போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ஐன் ஸமாமுக்கு நாற்பது பிரதிகள். ஒரு பிரதி எப்படியோ கடல் தாண்டிப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு வானொலி ஒன்றின் பத்திரிகைப் பார்வையில், ஐந்தாம் பக்கத்துப் பெயர்கள் பதினான்கையும் ஒருவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தெற்கில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு மக்கள் அதைக் கேட்டார்கள். பன்னிரண்டாவது நாள் காஃப்ஸா நீதிமன்றத்தில் பதினான்கில் பதினொரு பேர் நிறுத்தப்பட்டார்கள். அமாரா இருந்தான். இடது கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கிக் காட்டினானாம்.

மூன்று பேர் இன்னும் வரவில்லை.

மபரூக்கா நீதிமன்றத்திலிருந்து நேரே துனிஸுக்குத் திரும்பி வந்தார். தணலில் சுட்ட ரொட்டியும் மிளகாய் விழுதும் கட்டிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு, தம்பியைத் தேடிச் சிறை சிறையாக ஏறினார். மூன்று சிறைகள். ஒவ்வொன்றிலும் காவலர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைம்மா" என்றார். ரசீது குற்றத்துக்கு வழக்கு எங்கே என்று கேட்டோம். திஜானி மேல் வழக்கே இல்லை என்றார்கள். இதழின் மேல்தான் வழக்கு. அவர் சாட்சிகூட இல்லை.

கடைசியில் அந்த இரண்டாவது மாடிக்குப் போனோம். ஷத்லி எழுந்து நின்று மபரூக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"திஜானியா? பாருங்க, நானே கேக்கணும்னு இருந்தேன். நாலு வாரமா ஆளையே காணோம். உடம்பு சரியில்லையா?"

"உங்க ஆளுங்கதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க ஐயா. அஞ்சு நிமிஷம்னு சொன்னாங்க" என்றார் மபரூக்கா.

"யாரு? எப்ப? ஏதாவது தாள் குடுத்தாங்களா?"

தாள் எதுவும் இல்லை. அந்த ஒரு ரசீதும் அவர்கள் கையில்.

"தாள் இல்லாம நான் என்னத்தைம்மா தேடுறது?" என்றார். பிறகு மணியை அழுத்தினார். பணியாள் எட்டிப் பார்த்தான்.

"இவங்களுக்கு ரெண்டு காப்பி கொண்டு வா."

மபரூக்காவுக்கு அதன் பொருள் தெரியாது. தெற்கத்திக்காரர், உபசரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பி, படி இறக்கிக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு என் பெயரும் தெரியும். என் வீடும் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

இன்றோடு நாற்பத்து மூன்று நாள். எங்கள் இதழ் மூடிக்கிடக்கிறது. மற்ற இதழ்களின் ஆசிரியர்களிடம் போனேன். ஒருவர் "பத்தி கொஞ்சம் நீளமா இருக்கு" என்றார். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் அழுதார், ஆனால் போடவில்லை. பதினான்கு பெயர்களைச் சுமந்து போய்ச் சேர்த்த மனிதருடைய பெயரைப் போட இந்த நாட்டில் மழை அளவுக்குக் கீழே இரண்டு வரி இடம் இல்லை. ஆகவே இதைக் கையால் எழுதிப் படியெடுத்துத் தருகிறேன். உங்களிடம் வந்திருப்பது எத்தனையாவது படி என்று எனக்குத் தெரியாது.

பிரார்த்தனை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை மடித்து வைக்காதீர்கள். அது யாரையும் எந்தக் கட்டடத்திலிருந்தும் வெளியே கொண்டு வந்ததில்லை. ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். திஜானி பின் அலி ஸ்காயிமி, ஐன் ஸமாமில் பிறந்தவர், வயது நாற்பத்தொன்று, ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு துனிஸ் பாப் ஸூய்க்காவில் அச்சகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் என்று எழுதுங்கள். அதன் கீழே ஒரே கேள்வி: அவர் எங்கே? அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இன்றே அஞ்சலில் சேருங்கள். உங்கள் பெயரைப் போட அஞ்சினால் போட வேண்டாம். அவருடைய பெயரைப் போடுங்கள்.